இறாலும் பாலும்

ஞாயிற்றுக்கிழமையும் தேவா வழக்கமான நேரத்துக்கே எழுந்தான். பாத்ரூம் வாளிகளைக் கவிழ்த்து வைத்தான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்து, தேங்கியிருந்த தண்ணீரைக் கொட்டினான். பால்கனித் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டைத் துணியால் ஒற்றி எடுத்தான். வாஷிங் மெஷின் குழாயைத் தூக்கி உதறினான். கொசு பேட்டைக் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை வீசினான். எதுவும் வெடிக்கவில்லை.

பிறகு குழலியின் நெற்றியில் புறங்கையை வைத்தான். சூடில்லை. கழுத்தில் வைத்தான். சூடில்லை. இருந்தாலும் தெர்மாமீட்டரை எடுத்து அவள் அக்குளில் செருகினான். தூக்கத்திலேயே அவள் கையை இறுக்கிக்கொண்டாள். ஏழு வயதுப் பெண்ணுக்கு அது பழகிவிட்டது.

பால் காய்ச்சினான். காபி போட்டான். குடிக்காமல் சிங்க்கில் ஊற்றினான்.

போன மழைக்காலத்தில் மனைவி நாயகிக்கு வந்தது டெங்கு. முதல் நாள் அவன்தான் சொன்னான், ஒண்ணும் ஆகாது, வைரல் ஃபீவர், எல்லாருக்கும் வருது என்று. அதற்குப் பிறகு ‘ஒண்ணும் ஆகாது’ என்கிற இரண்டு சொற்களை அவன் யாரிடமும் சொல்வதில்லை. ஆபீஸில் கூட.

இன்று மதியம் மாமனார் வருகிறார்.

காரணம் வியாழக்கிழமை. குழலி பள்ளிக்கூடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் தேவாவுக்குப் போன் செய்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மீட்டிங்கில் இருந்தவனின் போன் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. அடுத்து இருந்தது ஆவடி மாமனார் நம்பர். டாங்க் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற நடேசன், சட்டைப் பட்டனைக் கூடச் சரியாகப் போடாமல் பஸ் ஏறி முகப்பேருக்கு வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டார். அப்போதுதான் டீச்சர் குழலியின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டியிருக்கிறார். பிரெட், ஜாம். தினமும் அதே பிரெட், அதே ஜாம். பிள்ளை அதைத் தொடுவதே இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை நடேசன் சத்தம் போடவில்லை. அதுதான் தேவாவுக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், ஓட்டலில் வாங்காமல் நீங்களே ஆக்கிப் போடுங்கள், அப்புறம் பிள்ளையைப் பற்றிப் பேசலாம் என்றார். பேச என்ன இருக்கிறது என்று தேவாவுக்குத் தெரியும். குழலி அவர் வீட்டுக்குப் போகிறாள். முழுப்பரீட்சை வரை ஆவடியிலிருந்து அவரே பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்து விடுவார். ஜூன் மாதம் ஆவடியிலேயே பள்ளிக்கூடம். குவார்ட்டர்ஸ் பக்கத்தில் அவர் கட்டிய வீட்டில் மாடியறை ஏற்கெனவே வெள்ளையடித்து ஆகிவிட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நாயகி கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனதே அதுதான் என்று ஊரே சொல்கிறது. ‘குழலியை எங்கப்பாகிட்ட விட்டுடுங்க.’ உடலை எடுத்த அன்று நாயகியின் தங்கை சுதா வாசலில் நின்று அழுதபடி வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். தேவா அப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

ஐ.சி.யூ. வாசலில் நாயகியோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

*

“என்ன வேணும் உனக்கு? தாத்தா வராங்க. நான் ஆக்கணும்” என்று முந்தின நாளே குழலியிடம் கேட்டிருந்தான். தோசை என்பாள், மேகி என்பாள் என்று நினைத்தான்.

“இறால் பாஸ்தா. அம்மா செய்ற மாதிரி.”

வேறு ஏதாவது சொல்லச் சொன்னான். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. மழைக்காலத்துக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து இது வேண்டும் என்று கேட்ட முதல் சாப்பாடு அது.

தேவாவுக்குச் சமையல் தெரியாது என்பதல்ல. பிடிக்காது. இப்போது பிடிக்காமையோடு பயமும் சேர்ந்துகொண்டது. கெட்டுப்போன முட்டை, சரியாக வேகாத கோழி, ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கிய சோறு, எல்லாமே அவனுக்கு ஆஸ்பத்திரி வாசலாகத்தான் தெரிந்தது. பிரெட்டும் ஜாமும் யாரையும் எதுவும் செய்யாது. அதனால்தான் பிரெட், அதனால்தான் ஜாம். அதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

குழலியைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பாடிக்குப் போனான். மேம்பாலத்துக்குக் கீழே லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடத்தைத் தாண்டி, தெருமுனையில் மீன்காரி பார்வதம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். நாயகி அவளிடம்தான் வாங்குவாள். தேவா பைக்கிலேயே இருந்து போன் பார்ப்பான். இன்று இறங்கினான்.

“இன்னா சார், நீ வந்துகீற? அம்மா வர்ல?” என்றாள் பார்வதம்.

“ஊருக்குப் போயிருக்காங்க” என்றான் தேவா. குழலி அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

இறால் ஐஸ் மேல் கிடந்தது. அவன் குனிந்து மோந்து பார்த்தான். தலை கறுத்திருக்கிறதா என்று பார்த்தான். இன்றைக்கு வந்ததா என்று கேட்டான். காசிமேட்டிலிருந்து காலையில் வந்தது என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டான். அவள் தோலை உரித்துக் கொடுக்கும்போது, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றான். உரித்ததில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது புதுசுதானே என்றான்.

பார்வதம் கத்தியைக் கீழே வைத்தாள்.

“இதோ பாரு சார். நானும் புள்ளகுட்டிக்காரி. கெட்டதக் குட்த்து உன் பாவத்த நான் ஏன் வாங்கிக்கப் போறேன்? ஆபீசுல இப்டிதான் கேள்வி கேட்டுகினே இருப்பியா?”

பக்கத்தில் நண்டு வாங்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். தேவாவும் சிரிக்க முயன்றான். பார்வதம் குழலியின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டி, கையில் ஈரம் இருப்பதைப் பார்த்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அம்மா வந்தா நான் கேட்டேன்னு சொல்லு பாப்பா என்றாள். குழலி சரியென்று தலையாட்டினாள்.

வீட்டுப் படியேறும்போதுதான் கேட்டாள், “ஆவடில கொசு இருக்காப்பா?”

“எங்கேயும் இருக்கும்.”

“அப்ப இங்கயே இருக்கலாம்ல.”

மூன்றாவது மாடிவரை ஏறுவதற்குள் தேவாவுக்கு மூச்சு வாங்கியது.

*

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டான். ஒரு பெண் மிகச் சுலபம், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பாஸ்தாவை உப்புத் தண்ணீரில் வேகவிடுங்கள். வெண்ணெயில் பூண்டு, அதில் இறால், சுருண்டதும் எடுத்துவிடுங்கள். மைதா, பால், மிளகு. எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறினால் முடிந்தது.

குழலி சமையல் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இறாலை மஞ்சள் தூள் போட்டுக் கழுவினான். உப்புப் போட்டு மறுபடியும் கழுவினான். நரம்பு எதுவும் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொன்றின் முதுகையும் கீறிப் பார்த்தான். வெண்ணெய் உருகியதும் எட்ட நின்று ஒவ்வொன்றாகப் போட்டான். வெண்ணெய் தெறித்த சத்தத்துக்கு இரண்டடி பின்னால் போனான்.

“பயமாப்பா?”

“இல்லம்மா.”

“அப்ப ஏன் அங்க நிக்கிற?”

இறால் சுருண்டது. சிவந்தது. எடுத்துவிடுங்கள் என்றாள் அந்தப் பெண். தேவா எடுக்கவில்லை. உள்ளே வேகாமல் இருந்தால்? இன்னும் கொஞ்ச நேரம் விட்டான். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம். பாஸ்தாவும் அப்படித்தான். பாக்கெட்டில் போட்டிருந்த நேரத்தைத் தாண்டி, ஒன்றை எடுத்து நசுக்கி, பிள்ளைக்கு வயிறு வலிக்குமோ என்று மறுபடி தண்ணீருக்குள் போட்டான். வடிகட்டும்போது பாஸ்தாக் குழாய்கள் வாய் பிளந்து கிடந்தன.

“அம்மா செஞ்சா தனித்தனியா இருக்கும்” என்றாள் குழலி. குற்றமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

பாலை அளந்து வைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

நடேசன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பட்டன் எல்லாம் சரியாக இருந்தது. பின்னால் சுதா, கையில் ஒரு காலிப் பை. காலியாக இருந்ததைத் தேவா முதலில் கவனித்தான். யாரும் சாப்பாட்டுக்கு வரும்போது காலிப் பை கொண்டு வருவதில்லை.

“வாங்க மாமா. வா சுதா.”

குழலி ஓடிவந்து தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் உட்காரவில்லை. நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். எங்கே போனாலும் முதலில் நின்று பார்ப்பார். இறால் சட்டியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தார்.

“இது என்னத்துக்கு மாப்ள?”

வீடியோவில் சொன்னதைத் தேவா சொன்னான். பால் ஊற்றி, மிளகு போட்டு…

“இறாலும் பாலும் ஒண்ணாவா?”

அவர் குரல் உயரவில்லை. திருநெல்வேலிப் பக்கம் அவர்கள் ஊரில் மீன்குழம்பு வைத்த அன்றைக்கு மோர்ச்சட்டியைக் கண்ணில் காட்ட மாட்டார்களாம். மீன் தின்ற வாயால் பால் குடித்தால் மேலெல்லாம் வெள்ளைத் திட்டு விழும், ரத்தம் கெடும் என்பார்களாம். ஆவடிக்கு வந்து இத்தனை வருஷத்தில், மீன் எடுக்கும் நாளில் அவர் வீட்டில் தயிர்ப் பாக்கெட் வாங்கியதில்லை.

அதெல்லாம் அந்தக் காலம்ப்பா, இப்போ எல்லா ஓட்டல்லயும் இப்படித்தான் போடுறாங்க என்றாள் சுதா.

“ஓட்டல்காரன் பிள்ளையா இது?” என்றார் நடேசன். “ஒண்ணைக் குடுத்தாச்சு. போதும்.”

தேவாவுக்கு வாயில் பதில் வந்துவிட்டது. இதெல்லாம் நம்பிக்கை மாமா, ஒண்ணும் ஆகாது. அந்த இரண்டு சொற்கள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. வெளியே வரவில்லை. படித்தவன் அவன். நெட்டில் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் போன மழையிலும் அவன் நெட்டில் தேடித்தான் சொன்னான்.

பாலையும் இறாலையும் மாறி மாறிப் பார்த்தான். மாமனாருடைய பயம் இப்போது அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

“பால் ஊத்த மாட்டாங்க” என்றாள் குழலி.

மூவரும் திரும்பினார்கள்.

“அம்மா தேங்காப்பால்தான் ஊத்துவாங்க. மிக்சில அரைச்சு, துணில பிழிஞ்சு. பால் ஊத்துனா தாத்தா திட்டுவாங்கன்னு சொல்வாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அதைச் சாப்பிட்டிருக்கிறான் தேவா. தட்டில் வெள்ளையாக இருந்ததைப் பால் என்றே நினைத்திருந்தான். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இதில் என்ன போட்டாய் என்று ஒருநாள்கூட.

நடேசன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். “கல்யாணமாகி இங்க வந்தும் அந்தப் பழக்கத்தை விடலையா அவ” என்று சுதாவிடம் கேட்டார்.

பால் பாத்திரத்தைத் தேவா ஃப்ரிட்ஜுக்குள் தூக்கி வைத்தான். வீட்டில் தேங்காய் இல்லை. நான் வாங்கிட்டு வரேன், நானே அரைச்சிடுறேன் என்று சுதா எழுந்தாள். நடேசன் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

“அவர்தான் ஆக்கணும்னு சொன்னேன். அவரே ஆக்கட்டும்.”

*

அண்ணாச்சி கடை தெருமுனையில்தான் இருக்கிறது. தேவா ஓடினான். கடையில் யாரோ மளிகைச் சாமான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி, ஒரே ஒரு தேங்காய், அவசரம் என்றான். அண்ணாச்சி ஒரு தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி, தட்டி, கீழே வைத்து இன்னொன்றை எடுத்தார். எதையாவது குடுங்க என்றான் தேவா. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

குழந்தையை அவர்களிடம் விட்டு வந்திருக்கிறோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

இதில் என்ன இருக்கிறது? தாத்தா, சித்தி. அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். ஆனால் அவன் திரும்பிப் போகும்போது கதவு சாத்தியிருக்கலாம். கீழே ஆட்டோ நிற்கலாம். அப்படிச் செய்கிற மனிதர்கள் இல்லை என்று தெரியும். நாயகி சாகிற வயதில் இல்லை என்றும் தெரிந்துதான் இருந்தது.

படிக்கட்டில் ஏறும்போது மேலே சத்தமே இல்லை. குழலியின் குரல் இல்லை. டி.வி. இல்லை. இரண்டாவது மாடியில் கால் தடுக்கித் தேங்காய் உருண்டது. அதைத் துரத்திப் பிடிக்கும்போது முழங்கால் படியில் இடித்தது. வலி தெரியவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. நடேசன் அதே நாற்காலியில். குழலி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். சுதா படுக்கையறையில் இருந்தாள். பீரோ திறந்திருந்தது. காலிப் பை காலியாக இல்லை. மேலே பள்ளிக்கூட யூனிஃபார்ம், அதற்குக் கீழே நீலப் பூப்போட்ட பாவாடை.

சுதா நிமிர்ந்தாள். பிடிபட்டவள் போல் இல்லை, அழுதவள் போல் இருந்தாள்.

“ஒரு வாரத்துக்கு மட்டும்தான் அத்தான் எடுத்தேன்.”

“சாப்பிட்டுப் பேசலாம்” என்றான் தேவா.

தேங்காயை மேடையில் வைத்துக் குழவியால் அடித்தான். முதல் அடி வழுக்கியது. இரண்டாவது அடியில் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. கீறி, அரைத்து, நாயகியின் பழைய காட்டன் துப்பட்டாவில் கட்டிப் பிழிந்தான். குழலி எழுந்து வந்து, இன்னும் இறுக்கிப் பிழி, அம்மா முகத்தைச் சுளிச்சுக்கிட்டுப் பிழிவாங்க என்றாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிழிந்தான். கூடத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

*

நான்கு தட்டுகள். தேவா தன்னுடையதைத் தொடவில்லை. குழலியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வாயில் ஒரு குழாயை மட்டும் எடுத்தாள். மென்றாள். அடுத்ததில் இறால். அவன் விரல்கள் தட்டின் விளிம்பைப் பிடித்தன. அவள் இருமினாள். அவன் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் முதுகில் ஒரு கை, தாடையில் ஒரு கை. வாயைத் திற, கழுத்து அரிக்குதா, மூச்சு விட முடியுதா, தண்ணி, சுதா தண்ணி.

“சுடுதுப்பா” என்றாள் குழலி.

சுதா தண்ணீரைக் கொண்டுவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். நடேசனும் எழுந்துவிட்டிருந்தார். அவருடைய தட்டிலிருந்து ஒரு பாஸ்தா மேஜை மேல் விழுந்து கிடந்தது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தார்கள்.

அவள் ஊதி ஊதிச் சாப்பிட்டாள். தட்டு காலியானது. இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாள். இரண்டாவது முறை போடும்போது தேவாவின் கரண்டி தட்டில் பட்டு ஓசை எழுப்பியது.

இறால் ரப்பர் மாதிரி இருந்தது. நடேசன் ஒரு துண்டை நெடுநேரம் மென்றார். பாஸ்தா களியாகியிருந்தது. மிளகு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் இல்லவே இல்லை. அவர் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கை கழுவி, துண்டில் துடைத்து, குழலி போய்ச் சோபாவில் சுருண்டு கண்ணை மூடும் வரை காத்திருந்தார்.

“நல்லா இருந்துதுன்னு சொல்ல மாட்டேன் மாப்ள. ஆனா பிள்ளை தின்னா. நான் பார்த்தேன்.”

தேவா நிமிர்ந்தான்.

“இன்னைக்கு இதுக்காகத்தான் வந்தேன்னு நெனச்சீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். வழியெல்லாம் யோசிச்சேன். நீங்க ஆக்கத் தெரிஞ்சவரா, தெரியாதவரான்னு பார்த்து நான் என்ன பண்ணப் போறேன்? அவ சொல்லிட்டுப் போனா. பெத்தவன் நான். கடைசியா கேட்டதை எப்படி மாப்ள மீறுறது?”

அவர் கெஞ்சுவது போல் இருந்தது. கோபித்திருந்தால் தேவா சமாளித்திருப்பான்.

சுதா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜிப்பை இழுத்தாள். அது நடுவில் சிக்கியது. மறுபடி இழுத்தாள்.

தேவா பையையே பார்த்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. சொன்னாலும் என்ன? பிள்ளையை விட மனசில்லாமல் பொய் சொல்கிறான் என்பார்கள். இத்தனை நாள் எங்கே போனாய் என்பார்கள். சாட்சி யாரும் இல்லை. வாய்க்குள் தேங்காய்ப்பாலின் இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கை அசைக்கவே பயமாக இருந்தது.

இன்னொரு பயமும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நாயகி விட்டுப் போனதில் அவனுக்கு மட்டும் என்று இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். வெளியே எடுத்துவிட்டால் அது எல்லாருடையதும் ஆகிவிடும்.

சோபாவில் குழலி புரண்டு படுத்தாள். கண் மூடியிருந்தது. இமை மட்டும் அசைந்தது. அவள் தூங்கவில்லை.

“அவ அப்படிச் சொல்லல மாமா.”

ஜிப் நின்றது.

“என்ன அத்தான் சொல்றீங்க?” சுதா பையைக் கீழே இறக்கினாள். “ஐ.சி.யூ.ல சேர்க்கிறதுக்கு முந்தின நாள் என்கிட்ட போன்ல பேசினாளே. குழலி நம்ம அப்பாகூட ரெண்டு நாள் இருக்கட்டும்டின்னு சொன்னாளே. அதைத்தானே நான்…”

அவள் பாதியில் நிறுத்தினாள். ரெண்டு நாள் என்று அவள் வாயிலிருந்தே வந்ததை அவளே கேட்டுவிட்டாள்.

நடேசன் மகளைப் பார்க்கவில்லை. தேவாவை மட்டும் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள், ரிப்போர்ட் வாங்கக் காத்து நிற்பவருடைய கண்கள் போல இருந்தன.

“உள்ள கொண்டுபோகும்போது நீங்கதான் இருந்தீங்க.”

“ஆமா.”

“பேசினாளா?”

“பேசினா.”

“அப்போ என்ன சொன்னா? என் மக என்ன சொன்னாளோ அதை மட்டும் சொல்லுங்க. கூட்டாம, குறைக்காம.”

தேவா சொன்னான். ஸ்ட்ரெச்சர் கதவுக்குள் பாதி போயிருந்தது. வாய்மேல் ஆக்சிஜன் மாஸ்க். அவனைக் கண்டதும் அவளே அதைத் தூக்கினாள். நர்ஸ் அதட்டினார். அவள் கேட்கவில்லை. அவள் பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்து அவன் குனிந்தான். அவள் அவன் கையிலிருந்த பார்சலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குழலிக்கு வாங்கியது. மூச்சு வாங்கியது அவளுக்கு. இருந்தாலும் குரலில் கோபம் இருந்தது. வீட்டில் திட்டுகிற அதே கோபம். அப்புறம் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

“என்ன சொன்னா?” என்றார் நடேசன் மறுபடியும்.

சோபாவில் குழலி கண்ணைத் திறந்திருந்தாள். தேவா அவளைப் பார்த்துக்கொண்டே, நாயகி சொன்னதை நாயகி சொன்னபடியே சொன்னான்.

“‘திரும்பவும் கடை இட்லியா? நீங்களே எதையாவது ஆக்கிக் குடுங்க அவளுக்கு. கருகிப் போனாலும் தின்னுவா.’”